அத்தியாயம் 7: இதயத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் தாவரத் துணை மாத்திரைகள்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் அலமாரியில் இரண்டு வகை டப்பாக்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒன்று கொலஸ்ட்ராலுக்கு. இன்னொன்று, இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கும் தொல்லைக்கு. நடைப்பயிற்சியில் கூட வருபவர் சொன்னது, வெளிநாட்டிலிருந்து மகள் வாங்கி வந்தது, நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு வழியில் வந்திருக்கும். எதை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், அதனால் என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அந்தப் பதிலை நீங்களே கண்டுபிடிக்கும் முறைதான் இந்த அத்தியாயம். முறை எளியது: முதலில் அளந்துகொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள், 12 வாரம் கழித்து மறுபடி அளங்கள், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை எதையும் இதற்காக நிறுத்தக் கூடாது. இங்கே சொல்லப்படுபவை எல்லாம் அதற்குத் துணை. அதற்கு மாற்று அல்ல.

தேவையானவை

• ஒரு நோட்டுப் புத்தகம்
• மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி
• கிராம் காட்டும் சமையலறைத் தராசு
• மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை (சிறுநீர் அளக்க, இதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்)
• சமீபத்திய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள்

முதலில் ஒரு எச்சரிக்கை: யார் தொடங்கவே கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

• நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாமல் கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல். தமிழ்நாட்டில் உடனே 108-ஐ அழையுங்கள்.
• சிறுநீர் முற்றிலும் நின்றுபோய் அடிவயிறு உப்புதல். இதுவும் அவசர சிகிச்சைதான். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.
• சிறுநீரில் இரத்தம், ஒரு முறை வந்து நின்றிருந்தாலும்.
• குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும்.
• காரணமில்லாத எடைக் குறைவு, விடாத முதுகெலும்பு வலி அல்லது இடுப்பெலும்பு வலி.

சிறுநீரகம் பழுதானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் தாவர மாத்திரையையும் தொடங்கக் கூடாது.

படி 1: அளந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு வாரம் போதும். இந்த வாரத்தில் புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள்.

1. இரத்த அழுத்தம். காலையும் மாலையும், 7 நாள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

2. இரத்தப் பரிசோதனை. கொழுப்பு அளவுகள், சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள். புராஸ்டேட்டைப் பற்றிய பி.எஸ்.ஏ. பரிசோதனை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. ஏறிக் காட்டும். ஃபினாஸ்டெரைடு மாத்திரை சில மாதங்களாகச் சாப்பிடுபவர்களுக்கு அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். எனவே மாத்திரை விவரத்தைச் சொல்லாமல் அந்த எண்ணைப் படிக்கச் சொல்லாதீர்கள்.

3. சிறுநீர்த் தொல்லை மதிப்பெண். உலகம் முழுவதும் சிறுநீரக மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐ.பி.எஸ்.எஸ். என்ற வினாப்பட்டியலில் 7 கேள்விகள் உள்ளன. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள்:

• கழித்த பிறகும் மீதம் இருப்பதுபோல் தோன்றுகிறதா?
• இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா?
• விட்டு விட்டு வருகிறதா?
• வந்தால் அடக்க முடியாமல் அவசரப்படுத்துகிறதா?
• வேகம் குறைந்திருக்கிறதா?
• தொடங்குவதற்கு முக்க வேண்டியிருக்கிறதா?
• இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?

முதல் ஆறு கேள்விகளுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0. 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 5. பாதி நேரம் என்றால் 3. ஏழாவதற்கு எழும் எண்ணிக்கையே மதிப்பெண். 5 முறைக்கு மேல் போனாலும் 5 தான். மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. 20-ஐ எட்டியவர் மாத்திரை தேடுவதை விட்டுவிட்டு நேரே சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

4. சிறுநீர்க் கணக்கு. மூன்று நாள், ஒவ்வொரு முறையும் குவளையில் பிடித்து நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். படுத்த பிறகு கழித்ததையும் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கில் சேருங்கள். ஒரு நாளின் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், பிரச்சினை புராஸ்டேட் அல்லாமல் வேறெங்கோ இருக்கலாம். பகலில் காலில் தேங்கும் நீர், இதயத்தின் பலவீனம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், சர்க்கரை, மாலையில் சாப்பிடும் நீர் மாத்திரை ஆகியவை இரவுச் சிறுநீரைப் பெருக்கும். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். படுத்ததும் அந்த நீர் சிறுநீராக இறங்கும். இப்படிப்பட்டவருக்கு எந்தப் புராஸ்டேட் மாத்திரையும் உதவாது. நோட்டை மருத்துவரிடம் காட்டினால், நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றுவதோடு தீர்வு கிடைத்துவிடவும் கூடும்.

குறிப்பு: சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சில, புராஸ்டேட் பெருத்தவருக்குச் சிறுநீரை நிறுத்திவிடும். குளோர்பெனிரமின், சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் ஆகிய பெயர்கள் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: மோதல் பட்டியல் எழுதுங்கள்

நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: ஆங்கில மருந்து, சித்த மருந்து, கஷாயம், சத்து மாத்திரை, வாரம் ஒரு நாள் சாப்பிடுவது வரை. பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

• இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர்: பூண்டு, மஞ்சள், ஜிங்கோ ஆகியவற்றின் செறிவூட்டிய மாத்திரைகள் வேண்டாம். சமையலில் சேரும் பூண்டும் மஞ்சளும் வேறு. மாத்திரையின் அளவு வேறு. கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தாலும் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு தடுமாறும். தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

• ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்: மேலே சொன்ன மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டலாம். பல் துலக்கும்போது இரத்தம், காரணமில்லாத நீலத் தடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள்.

• கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்: சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வேண்டவே வேண்டாம். பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ஆகிய பழங்கள் சில ஸ்டாட்டின்களின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். உங்கள் மாத்திரைக்கு அது பொருந்துமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

• ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்: உடலில் பொட்டாசியம் தேங்கும் மாத்திரைகள் இவை. தினமும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, சோடியம் குறைந்த மாற்று உப்பு மூன்றையும் சேர்த்துக்கொண்டால், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவருக்கு, இதயத் துடிப்பே தடுமாறும்.

• இரத்த அழுத்தம் உள்ள எவரும்: அதிமதுரம் தொடர்ந்து வேண்டாம். அது அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். டிஜாக்சின் சாப்பிடுபவருக்கு இது இன்னும் ஆபத்து. தொண்டைக்கான கஷாயப் பொடிகளிலும் அதிமதுரம் இருக்கும்.

• நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை அல்லது வேறு நைட்ரேட் மருந்து வைத்திருப்பவர்: 'மூலிகை' என்ற பெயரில் விற்கும் ஆண்மை மாத்திரைகளைத் தொடாதீர்கள். இவற்றில் பலவற்றில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நைட்ரேட்டோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

படி 3: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் – இதயத்துக்கு

இசப்கோல் உமி

சான்று வலுவாக இருக்கும் தாவரப் பொருட்களில் இது முதல் வரிசை, விலையும் குறைவு. உலகத்துக்கு இசப்கோல் அனுப்புவதில் இந்தியாவே முன்னணி. குஜராத்தின் உஞ்சா அதற்குப் பெரிய சந்தை. நாளுக்கு 10 கிராம் அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 5 முதல் 10 சதவீதம் வரை குறையும். மலச்சிக்கல் தீர்வது கூடுதல் பலன். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், மலச்சிக்கல் தீர்ந்தாலே சிலருக்குச் சிறுநீர்த் தொல்லையும் தணியும்.

சாப்பிடும் முறை:

1. முதல் வாரம் தினமும் 3 கிராம். தராசில் நிறுத்து, அது உங்கள் வீட்டுக் கரண்டியில் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.
2. இரண்டாம் வாரம் 3 கிராம் இரண்டு வேளை. மூன்றாம் வாரத்திலிருந்து 5 கிராம் இரண்டு வேளை.
3. 250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். இரண்டு நிமிடம் வைத்தால் கூழாகிவிடும்.
4. பின்னாலேயே இன்னும் அரை டம்ளர் தண்ணீர்.
5. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உடலில் சேர்வதை இது குறைக்கும்.

எப்போது? நம் வீடுகளில் இசப்கோலை இரவு படுக்கும் முன் குடிப்பதுதான் வழக்கம். இரவில் எழும் தொல்லை உள்ளவருக்கு அந்த ஒன்றரை டம்ளர் தண்ணீரே எதிரி. காலையிலும் மதியம் மூன்று மணியளவிலும் குடியுங்கள்.

யாருக்கு வேண்டாம்? விழுங்கச் சிரமப்படுபவர், குடல் அடைப்பு வந்தவர். இதயம் பலவீனமாகித் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது யாருக்குமே ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகள், சர்க்கரை கலந்த ஆரஞ்சு வாசனை ரகத்தைத் தவிர்த்து வெறும் உமியை வாங்க வேண்டும்.

ஓட்ஸ், பார்லி

இவற்றில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். குறையும். ஏறத்தாழ 75 கிராம் உலர் ஓட்ஸில் அது இருக்கிறது. கஞ்சியாகவோ உப்புமாவாகவோ செய்துகொள்ளலாம். மசாலா கலந்த உடனடி பாக்கெட்டுகளில் உப்பு அதிகம். இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பறிப்பது.

தாவர ஸ்டெரால்

நாளுக்கு 2 கிராம், சாப்பாட்டோடு. எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வாங்குவதற்கு முன் ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. என்று பாருங்கள், 400 மி.கி. மாத்திரை என்றால் நாளுக்கு ஐந்து வேண்டும். அந்தச் செலவுக்கு இசப்கோல் போதாதா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருதம்பட்டை

சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இதயத்துக்கென்று நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. சின்ன ஆய்வுகள் சில நம்பிக்கை தந்தன. ஆனால் 2016-இல் வெளிவந்த டெல்லி எய்ம்ஸ் ஆய்வில், இதயம் பலவீனமானவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு நாளுக்கு இரண்டு முறை 750 மி.கி. சாறு 12 வாரம் கொடுத்தும் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. சாப்பிட விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில், இதய மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டுச் சாப்பிடுங்கள். நெஞ்சுவலிக்கு இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

செம்பருத்தி

இரத்த அழுத்தம் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் புளிச்சக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த புல்லி இதழ்களைக் கொண்டு செய்தவை. வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி வேறு செடி. பாக்கெட்டில் எந்தச் செடி என்று தாவரவியல் பெயர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அழுத்த மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர் தினமும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

தள்ளிவைக்க வேண்டியவை

• குக்குலு: 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் செய்த ஆய்வில் எல்.டி.எல். குறைவதற்குப் பதில் சற்று ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

• சிவப்பு ஈஸ்ட் அரிசி: இதில் உள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நச்சும் இருக்கும். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம், நாளுக்கு 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்கவேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. 2024-இல் ஜப்பானில் இந்த வகைத் துணை மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, மாத்திரைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

• 'ஸ்டாட்டினுக்கு மாற்று' என்று விற்கும் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை மாத்திரைகள்: 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 190 பேரிடம் 28 நாள், இவற்றோடு வேறு மூன்று துணை மாத்திரைகளையும் 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டது. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்தது. துணை மாத்திரைகளில் எதுவும் மருந்தில்லா மாத்திரையைவிட மேலாகச் செயல்படவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஸ்டாட்டின் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும், 28 நாள் குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அப்படியும் இடைவெளி பெரிது.

படி 4: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் – புராஸ்டேட்டுக்கு

இங்கே சான்று மெலிந்தது. புராஸ்டேட் வீக்கத்தால் வரும் தொல்லை தானாகவே சில மாதம் கூடும், சில மாதம் தணியும். அதனால் எதைச் சாப்பிட்டாலும் பலர் தேறியதாக உணர்வார்கள். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

சா பால்மெட்டோ

அமெரிக்காவின் தென்கிழக்கில், குறிப்பாக ஃபுளோரிடாவில் வளரும் குட்டைப் பனையின் பழச்சாறு. கடைகளில் அதிகம் விற்பது இதுதான். 2006-இல் வெளியான ஆய்வில் 225 ஆண்களுக்கு நாளுக்கு 320 மி.கி. வீதம் ஓராண்டு கொடுத்தார்கள்; மருந்தில்லா மாத்திரைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லை என்று வாதம் வந்தது. 2011-இல் 369 ஆண்களிடம் மூன்று மடங்கு, 960 மி.கி. வரை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அதே முடிவு. பெரிய பக்கவிளைவு இல்லை. பெரிய பலனும் இல்லை. புதிதாக வாங்கத் தேவையில்லை.

பீட்டா சிட்டோஸ்டெரால்

மேலே சொன்ன தாவர ஸ்டெரால்களில் ஒன்று இது. அளவுதான் வேறு: கொழுப்புக்கு கிராம் கணக்கு, புராஸ்டேட்டுக்கு மி.கி. கணக்கு. 1995-இல் ஜெர்மனியில் 200 பேரிடம், 20 மி.கி. மூன்று வேளை, 6 மாதம் கொடுத்த ஆய்வில் மதிப்பெண் குறைந்தது. சிறுநீர் வேகமும் கூடியது. ஆனால் சுரப்பியின் அளவு சுருங்கவில்லை. தொல்லை லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர் முயன்று பார்க்க ஓரளவு நியாயம் உள்ளது இதற்குத்தான். இரத்தத்தில் தாவர ஸ்டெரால் தேங்கும் அரிய பரம்பரை நோய் உள்ள குடும்பத்தினர் இதைச் சாப்பிடக் கூடாது.

பூசணி விதை

ஜெர்மனியில் 1,431 ஆண்களிடம் ஓராண்டு நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், எண்ணெய்க்காக வளர்க்கும் பூசணி இனத்தின் விதை 5 கிராம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்கு மதிப்பெண் ஓரளவு நன்றாகவே குறைந்தது. விதைச் சாற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தேறினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விதையைச் சாப்பிட விரும்பினால் உப்பில்லாமல் வறுத்து, தராசில் 5 கிராம் நிறுத்து, காலையும் மாலையும் மென்று சாப்பிடுங்கள். மாத்திரைக்குச் செலவிட வேண்டாம்.

நெருஞ்சில்

சிறுநீரைப் பெருக்கும் மூலிகை என்று பெயர் பெற்றது. இரவில் எழுவதுதான் உங்கள் தொல்லை என்றால், மாலையில் நெருஞ்சில் கஷாயமும் பார்லித் தண்ணீரும் குடிப்பது தொல்லையைக் கூட்டும். நீர் மாத்திரையோடு சேர்க்கவும் கூடாது.

வேண்டாதது: வைட்டமின் ஈ

'புராஸ்டேட் பாதுகாப்பு' என்று விற்கும் கலவைகளில் வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் அடிக்கடி இருக்கும். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், தினமும் 400 அலகு வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. முடிவு 2011-இல் வெளியானது. செலினியமும் காக்கவில்லை. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனை மாத்திரையாக வாங்குவதைவிட, எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்காகச் சாப்பிட்டுவிடலாம்.

படி 5: அட்டையைப் படியுங்கள்

1. எந்த உரிமம்? உணவுத் துணைப் பொருளென்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

2. தாவரவியல் பெயர், எந்தப் பாகம் (வேர், பட்டை, விதை), ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. ஆகிய மூன்றும் உண்டா? 'கூட்டுக் கலவை 800 மி.கி.' என்று மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாததை வாங்காதீர்கள்.

3. மூலிகை மட்டும்தானா? பற்பம், செந்தூரம் சேர்ந்திருந்தால் அது தாவர மாத்திரை மட்டும் அல்ல, உலோகம் இருக்கலாம். 2008-இல் வெளியான ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

4. விளம்பரம் என்ன சொல்கிறது? 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. இதய நோய், இரத்த அழுத்தம், புராஸ்டேட் கோளாறு ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 'ஆபரேஷன் இல்லாமல் 30 நாளில் புராஸ்டேட் குணம்' என்று விளம்பரம் செய்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறுகிறார். உள்ளே என்ன கலந்திருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குறிப்பு: சைவர்கள் பச்சைக் குறியைப் பாருங்கள். மூலிகை உள்ளே இருந்தாலும், மென்மையான மாத்திரையின் வெளியுறை விலங்கு ஜெலட்டினாக இருக்கலாம்.

படி 6: பன்னிரண்டு வார முயற்சி

1. மோதல் பட்டியலையும் தேர்ந்தெடுத்த பொருளையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.
2. டப்பாவின் மேல் இரண்டு தேதி எழுதுங்கள்: தொடங்கிய நாள், முடிக்கும் நாள்.
3. இதயத்துக்கு ஒன்று, புராஸ்டேட்டுக்கு ஒன்று என இரண்டு தேவைப்பட்டால் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். ஏதாவது ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரிய வேண்டும்.
4. முதல் இரண்டு வாரம் தினமும் இரத்த அழுத்தம் பாருங்கள். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சிறுநீர்த் தொல்லைக்கு மருத்துவர் தரும் டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கு இது மிக முக்கியம்.
5. நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் போடுங்கள். பழைய பதிலைப் பார்க்காமல் போட வேண்டும்.
6. பன்னிரண்டாவது வாரம் படி 1-இல் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். இரத்தப் பரிசோதனையை அதே ஆய்வகத்தில் செய்யுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: மஞ்சள் கண், அடர்ந்த சிறுநீர், தோல் தடிப்பு, காரணமில்லாத தசைவலி, கறுத்த மலம், இதயப் படபடப்பு. மருத்துவரைப் பார்க்கும்போது டப்பாவையும் கொண்டுபோங்கள். மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்க மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

• எல்.டி.எல். குறைந்ததும் ஸ்டாட்டினை நிறுத்துவது. குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாட்டின்தான்.
• ஒரே பொருளை மூன்று பெயரில் சாப்பிடுவது. பீட்டா சிட்டோஸ்டெரால், சா பால்மெட்டோ கலவையிலும் இருக்கும், கொழுப்பு மாத்திரையிலும் இருக்கும்.
• மருத்துவரிடம் மறைப்பது. 'மூலிகைதானே' என்று விட்டுவிடுவது அறுவை சிகிச்சை மேசையில் இரத்தப்போக்காக முடியலாம். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் இரண்டு வாரம் முன்பே பட்டியலைக் காட்டுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.
• தண்ணீரைக் குறைத்துவிட்டு மாத்திரைக்குப் பலன் என்று நம்புவது. பகலில் போதிய தண்ணீர் குடித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் முயற்சி தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் கணக்கு குழம்பும்.

படி 7: முடிவெடுங்கள்

எல்.டி.எல். 5 சதவீதமாவது குறைந்திருந்தால், இசப்கோலையோ ஓட்ஸையோ தொடருங்கள். இவை உணவு, ஆண்டுக்கணக்கில் சாப்பிடலாம். குறையவில்லையென்றால் முதலில் அளவைச் சரியாகச் சாப்பிட்டீர்களா என்று நோட்டைப் பாருங்கள்.

ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் 3 புள்ளியாவது குறைந்திருந்தால்தான் உடலுக்கு அது தெரியும். குறைந்திருந்தால் ஆறு மாதம் வரை தொடர்ந்து, பிறகு ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் மதிப்பெண் ஏறாவிட்டால் அந்த மாத்திரை தேவையில்லை. 3 புள்ளிகூடக் குறையாவிட்டால் டப்பாவை மூடிவிட்டு, நோட்டோடு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். டாம்சுலோசின் போன்ற மருந்துகள் சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். மூன்று மாத மதிப்பெண்ணும் சிறுநீர்க் கணக்கும் கையில் இருந்தால், உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அவர் முதல் சந்திப்பிலேயே தீர்மானிக்க வசதியாக இருக்கும்.